அடுத்த ரயிலில் வருகிறார்

ஜூலை 16, செவ்வாய்

புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு சிரம்பானைத் தாண்டிப் போய்விட்டது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பருக்கு மூன்றாவது முறையாகச் சொல்லியாயிற்று.

லுக்குட்டில், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய பழைய கிராணியின் வீட்டைக் காலி செய்கிறார்கள். கிராணி இறந்து பல வருடம். மருமகள் தொலைபேசியில்: "டீச்சர், பழைய படமெல்லாம் குப்பையில போடப்போறோம். நீங்க இதுங்கள வச்சு என்னமோ செய்வீங்களாமே, வந்து பாத்துக்குங்க."

போனேன். தகரப்பெட்டி, உள்ளே கரப்பான் வாசனை. கல்யாணப் படங்கள், துரைமார் டென்னிஸ் ஆடும் படங்கள். அடியில் ஒன்று. தோட்டத்து ஆபீஸ் முன்னால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், பதினேழு ஆண்கள். இரண்டு வரிசை. பின்பக்கம் பென்சிலில் 'மூன்றாம் டிவிஷன், மரம் சீவுகிறவர்கள்' என்று ஆங்கிலத்தில். பெயர்கள் கிடையாது. அந்த ஆபீஸ் ஜப்பான்காரன் வந்தபோது எரிந்துபோனதாம். அப்படியானால் அதற்கு முந்தைய படம்.

மூன்றாம் டிவிஷன், அம்மா பிறந்த இடம். அம்மாவின் அப்பா வீராசாமி அங்கேதான் ரப்பர் மரம் சீவினார். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. அவருக்குப் படம் என்று ஒன்றும் இல்லை.

இந்தப் பதினேழில் ஒருவராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

பதினாறு பேர் கேமரா முன் அசைந்திருக்கிறார்கள். முகம் கலங்கிப் புகையாகத் தெரிகிறது. முன்வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள் மட்டும் அசையவில்லை. நேராகப் பார்க்கிறார். நேற்று எடுத்த படம் மாதிரி அத்தனை தெளிவு.

ஃபைசாலுக்கு அனுப்பினேன். என் ஓவியக் கண்காட்சியை அமைத்துத் தருபவன் அவன்தான். உடனே அழைத்துவிட்டான். நடுச்சுவருக்கு இதுதான் என்றான். ஆகஸ்ட் 10 திறப்பு. பதினேழு பேரையும் ஆளுயரத்துக்குக் கரியில் வரைவது, முகங்களை வெறுமையாக விடுவது என்று பேசி முடித்தோம். முகம் இல்லையென்றால் நாளுக்கு ஒருவரை முடித்துவிடலாம் என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டான்.


ஜூலை 18, வியாழன்

அம்மாவின் கண் பரிசோதனை. ஏழரைக்குப் போய் ஒன்றரைக்கு வெளியே வந்தோம். மருத்துவமனைக் கூடத்தில் ஒரே குளிர். அம்மாவுக்கு என் சால்வை.

கண்ணின் நீரழுத்தம் குறையவில்லை. இடது கண் போயே விட்டது. வலது கண்ணில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் என்றார் டாக்டர். அது எவ்வளவு நாள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். சின்னப் பெண். நாள் முழுக்க இதையே சொல்லிக் களைத்துப்போயிருந்தார்.

காரில்:

"டாக்டர் என்னா சொன்னிச்சு?"

"சொட்டு மருந்த விடாம போடச் சொன்னாங்க."

"அத கேக்கல பாப்பா. இன்னும் எத்தன நாளைக்கின்னு சொன்னிச்சா?"

"சொல்லல."

"சொல்லாதுங்க. நாமதான் கணக்கு வச்சிக்கணும்."

வீட்டில் மேசை மேல் அந்தப் படத்தை மூடாமல் வைத்துவிட்டுப் போயிருந்தேன். என் தவறு. தண்ணீர் குடிக்க வந்த அம்மா பூதக்கண்ணாடியை எடுத்து வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மாவின் வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் விழும். பதினேழு பேருக்கும் அரை மணி நேரம் ஆயிற்று.

"இதுல எங்கப்பா எது?"

"தெரியாதும்மா. பேர் போடல."

"நீதான பெரிய படிப்பெல்லாம் படிச்ச."



பிறகு அம்மா அந்தக் கதையைச் சொன்னார். நூறு முறை கேட்டது. இன்றுதான் எழுதிவைக்கிறேன். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு சயாமிலிருந்து ஒரே ஒரு ஆள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்தாராம், எலும்பும் தோலுமாக. அம்மாவின் அம்மா ஓடிப் போய், எங்க வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறார். "அடுத்த ரயில்ல வர்றாரு" என்றாராம் அந்த ஆள். அவ்வளவுதான். அந்த ஆள் கொஞ்ச நாளில் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். பெயர் யாருக்கும் நினைவில்லை. அம்மாவின் அம்மா அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சாகும்வரை குங்குமம் வைத்திருந்தார். பூவும் பொட்டுமாகத்தான் எடுத்தார்கள். ஆடி அமாவாசைக்கு எல்லா வீட்டிலும் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது இவருக்கு மட்டும் இலை கிடையாது. வரப்போகிற ஆளுக்கு எப்படிப் படைப்பது? அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

"எனக்கே எம்பத்திரெண்டு ஆச்சு" என்றார் அம்மா. "அவருக்கு நூறு தாண்டியிருக்கும். இனிமே எங்க வர்றது? எங்கம்மா கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும். இந்த ஆடி அமாவாசைக்கிப் படைச்சிருவோம் பாப்பா."

"படைங்கம்மா. யாரு வேணான்னா?"

"மொகம் இல்லாம யாருக்குப் பொட்டு வைக்கிறது? கண்ணு இருக்கறப்பவே அவர பாத்துப்புட்டுப் படைக்கணும்."

அமாவாசை ஆகஸ்ட் 4. இன்னும் பதினேழு நாள். இதுவும் பதினேழா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த மாதிரிப் பொருத்தங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.


ஜூலை 21, ஞாயிறு

தோட்டம். காலை ஏழுக்கே போய்விட்டேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, இப்போது செம்பனையும் போய் மண் மட்டும் சிவப்பாகக் கிடக்கிறது. மேட்டில் ஒரு பெரிய பலகை. சிரிக்கும் குடும்பம், இரண்டு மாடி வீடு. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நம் நிறமில்லை.

மூன்றாம் டிவிஷனில் ஒரு லயம் மிச்சம். ஆறு வீடுகளில் ஐந்து காலி. கடைசி வீட்டில் முனியாண்டி அண்ணன். முன்பு தோட்டத்து லோரி ஓட்டியவர். மாத முடிவில் அவரும் கிளம்புகிறார், மகனோடு அடுக்குமாடிக்கு.

என் வேலை முறை எளிது. பழைய படுக்கைவிரிப்பை லயத்துச் சுவரில் ஒட்டி, மேலே கரியால் தேய்ப்பது. சுவரின் விரிசல், ஆணித் துளை, சுண்ணாம்புப் பொருக்கு எல்லாம் துணியில் ஏறிவிடும். அதன்மேல்தான் ஆளை வரைவேன். இன்று ஒன்பது விரிப்பு தேய்த்தாயிற்று, மீதி எட்டுக்கு இன்னொரு நாள் வரவேண்டும். தோள் கழன்று விழுகிறது.

முனியாண்டி அண்ணன் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு வேடிக்கை பார்த்தார்.

"டீச்சர், அம்பது வருஷமா எம் பொண்டாட்டி இந்தச் செவுத்துல கரி புடிக்கக் கூடாதுன்னு தொடச்சுக்கிட்டே கெடந்திச்சு. நீங்க காரு புடிச்சு வந்து கரி பூசறீங்க."

"துணியிலதாண்ணே பூசறேன்."

"இத வாங்கறதுக்கும் ஆளு இருக்காலா?"

"சில பேர் வாங்குவாங்க."

"அப்பன்னா எங்க கக்கூஸ் செவுரும் இருக்கு, சும்மா எடுத்துக்குங்க."

படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். தெரியவில்லை. அவர் பிறந்ததே அதற்கு அப்புறம். "இந்த ஆளு மட்டும் நம்மளையே பாக்கறாரு" என்று அந்த நாலாவது ஆளைத் தொட்டார். எல்லோரும் அவரைத்தான் தொடுகிறார்கள். கிராணி மருமகள் தொட்டாள், நேரில் பார்த்தபோது ஃபை. (ஃபைசால்) தொட்டான். தெரிகிற முகம் அது ஒன்றுதான், அதனால்.


ஜூலை 25, வியாழன்

கல்லூரியில் தாள் திருத்தம். முப்பத்தொன்றில் நான்கு பேர் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள். மாலையில் வரைதல். நான்கு ஆள் முடிந்தது.

ஃபை. கண்காட்சிக் குறிப்பின் முதல் வடிவத்தை அனுப்பினான். 'இன்மை' என்ற சொல் ஏழு இடத்தில். ஐந்தை அடித்தேன். 'கற்பனை முகங்களை இட்டு நிரப்ப மறுக்கும் கலைஞர்' என்று ஒரு வரி. அதை விட்டுவிட்டேன். உண்மைதானே. இருபது வருடமாக நான் விடாமல் பிடித்திருப்பது அது ஒன்றைத்தான். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாதே.

அம்மா சாப்பிடும்போது கறி எங்கே இருக்கிறது, ரசம் எங்கே இருக்கிறது என்று தட்டில் விரலால் தடவிப் பார்க்கிறார். நான் பார்ப்பது தெரிந்து கையை எடுத்துக்கொண்டார்.

- சொட்டு மருந்து புதிது
- கரி, பொருத்தும் பசை
- வெற்றிலை (அம்மா)
- பிளம்பர்!!


ஜூலை 28, ஞாயிறு

காலையில் ராசாவில் உள்ள கோயில். அம்மா என் முழங்கையைப் பிடித்தே நடந்தார். படியில் ஒரு தடவை தடுமாற்றம்.

வீட்டுக்கு வந்ததும் வாக்குவாதம். அதற்கு வாக்குவாதம் என்றுகூடப் பெயரில்லை. எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பழக்கமில்லை.

"நீ படம் போடறவதான. எம் மூஞ்சியப் பாத்துப் போடு. எங்கம்மா சொல்லும், எனக்கு அவரு நெத்தி, அவரு மூக்குன்னு."

"அது உங்க மூஞ்சியாதாம்மா இருக்கும். அவரா இருக்காது."

"பரவால்லலா."

"பொய் ஆயிடும்."

அம்மா கொஞ்ச நேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பிறகு: "ஊருல உள்ளவங்க அப்பனுக்கெல்லாம் படம் போடற. எங்கப்பனுக்குன்னா பொய்யி."

மதியம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார். நான் முன்னறையில் ஏழாவது ஆளின் கால்களை வரைந்தேன். கால்கள் நன்றாக வந்தன. அதுதான் எரிச்சல்.


ஆகஸ்ட் 2, வெள்ளி

மழை. கடைசியில் மழை.

காலையில் தேநீர் கலந்துகொண்டு வந்தபோது அம்மா மேசையருகே உட்கார்ந்து படத்தின் மேல் கவிந்திருந்தார். பூதக்கண்ணாடி தலைகீழாக இருந்தது. கண்ணாடி கைக்குள், கைப்பிடி படத்தின் மேல். அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எல்லாம் பொகையாத் தெரியுது. போன வாரம் இவ்ளோ இல்ல. எங்கண்ணா, இல்ல படமே அப்டியா?"

"படமும் அப்படித்தான்மா."

"தெளிவா ஒருத்தருமே இல்லியா?"

என் விரல் போய் முன்வரிசை நாலாவது ஆள் மேல் நின்றது. அவரைப் பாருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அம்மா கண்ணாடியை அங்கே நகர்த்தி, மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

"இவரா?"

நான் "ஆமாம்மா" என்றேன்.

சொல்லிவிட்டு, கிராணி வீட்டில் இன்னொரு தாள் கிடைத்தது, அதில் பெயர் வரிசை இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒரு பொய்க்கு இன்னொன்றை முட்டுக்கொடுக்க எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது.

அம்மா அழவில்லை. வெகுநேரம் பார்த்தார். "சின்னப் பையனா இருக்காரு பாப்பா" என்றார். பிறகு, "எடது காது கிழிஞ்சிருக்கு. கடுக்கன் போட்ட எடம். இத யாருமே எங்கிட்ட சொல்லலியே."

பார்த்தேன். உண்மை. இடது காது மடல் கீழே இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டரை வாரமாக அந்த முகத்தோடு இருக்கிறேன், கவனிக்கவில்லை. ஒரு கண்ணும் அரைகுறையாக உள்ளவர் கவனித்தார்.

மத்தியானம் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு ராசாவில் சட்டகம் போடும் கடைக்குப் போனேன். கடைக்காரர்: "தாத்தாவா?" மறுபடியும் ஆமாம் என்றேன். இரண்டாவது தடவை இன்னும் சுலபம்.


ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

இரண்டு இலை. என் அப்பாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அப்பா படம் எப்போதும் உள்ள இடத்தில். பக்கத்தில் புதுச் சட்டகம்.

சமையல்: வாழைக்காய், பூசணி, வடை, பாயசம். அம்மாவுக்கு அடுப்பு இப்போது ஆகாது. ஆனாலும் வடையைத் தானே தட்டினார். அப்பாவுக்கு ஒரு சிகரெட் வைப்பது வழக்கம். "எங்கப்பாவுக்கு என்னா புடிக்கும்னு தெரியலியே" என்று நின்றார். யோசித்துவிட்டு வெற்றிலை, ஒரு குவளை கடுங்காப்பி. "மரம் சீவற ஆளு, காப்பி குடிக்காம இருந்திருப்பாரா."

சந்தனம் குழைத்து அம்மாவே வைத்தார். விரல் முதலில் கண்ணாடியின் ஓரத்தில் பட்டது, பிறகு கன்னத்தில். நான் கையைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனேன். சந்தனம், அதன்மேல் குங்குமம். மாலை போட்டார்.

அம்மா, படத்திடம்: "இவ்ளோ வருஷம் பசியோட வச்சிட்டோம். அம்மாவ கோச்சிக்காதீங்க. அது உங்களுக்காகத்தான் இருந்திச்சு."

நான் சமையலறைக்குப் போய் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சாப்பிடும்போது பல நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டார். மத்தியானம் நன்றாகத் தூங்கினார். பொய் வேலை செய்கிறது என்று எழுதிவைக்கிறேன், வேறெப்படி எழுத.


ஆகஸ்ட் 10, சனி

திறப்பு. சிரம்பானில் பழைய கடைவீட்டின் மாடி. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். அம்மாவுக்கு லேசான சளி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

நடுச்சுவரில் பதினேழு விரிப்பு, முகமில்லாமல். பக்கச் சுவரில் அந்தப் படத்தின் பெரிய அச்சு. அதன் கீழே பென்சிலும் சீட்டுக்கட்டும். யாரையாவது அடையாளம் தெரிந்தால் பெயரை எழுதி அந்த ஆளுக்குக் கீழே ஒட்டலாம். ஃபை.யின் யோசனை.

ஆட்கள் விரிப்புகளைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார்கள். அச்சுப் படத்திடம்தான் நெடுநேரம். தோட்டத்திலிருந்து போய் டவுனில் குடியேறிய குடும்பங்கள், பேரப்பிள்ளைகளோடு. மாலைக்குள் நாலாவது ஆளுக்குக் கீழே மூன்று சீட்டு. மூன்று வேறு வேறு பெயர். மற்ற பதினாறு பேருக்குக் கீழே ஒன்றுமில்லை.

ஃபை. பூரித்துப்போனான். 'இதுதான் உண்மையான படைப்பு' என்கிறான். நான் ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன். நான்காவது பெயர் எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை.

முனியாண்டி அண்ணன் வந்திருந்தார், புதுச் சட்டை. தன் வீட்டுச் சுவரைத் தேடிக் கண்டுபிடித்தார். ஆணித் துளையை வைத்து. "இதுலதான் காலண்டர் மாட்டுவோம்" என்று எல்லோருக்கும் காட்டினார். கிளம்பும்போது என்னிடம் மெதுவாக: "லயத்த ஒடச்சிட்டாங்க டீச்சர். வியாழக்கெழம. அரை நாள்கூட ஆவல."


ஆகஸ்ட் 14, புதன்

எழுதவேண்டும். ஒழுங்காக எழுதவேண்டும்.

பதினொரு மணிக்குக் காட்சிக்கூடத்திலிருந்து அழைப்பு, ஒரு அம்மாள் பிடிவாதமாக நிற்கிறார் என்று. போனேன். பரமேஸ்வரி. அறுபது தாண்டியவர். ஜெலுபு பக்கம் கோலா கிளாவாங்கிலிருந்து பஸ்ஸில். வாட்சப்பில் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிளாஸ்டிக் பையில், துண்டில் சுற்றி, ஒரு சட்டகம்.

"இது எங்கப்பா டீச்சர். சின்னையா. கீழ என்னா கண்டவன் பேரெல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்க?"

துண்டைப் பிரித்தார். கிழவர், வெள்ளைத் தலை, கழுத்துப் பொத்தான் போட்ட சட்டை. சந்தனப் பொட்டு, காய்ந்த மாலை. நான் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே காதைப் பார்த்தேன். இடது மடல் இரண்டாகப் பிளந்திருந்தது.

உட்காரச் சொன்னேன். நான்தான் முதலில் உட்கார்ந்தேன்.

சின்னையா சயாமுக்குப் போனவர். திரும்பி வந்தவர். மூன்றாம் டிவிஷனிலிருந்து போனவர்களில் திரும்பியது தான் ஒருவன்தான் என்று சொல்வாராம். வந்து கொஞ்ச நாள்கூட அந்த லயத்தில் இருக்க முடியவில்லை. ஜெலுபு மலைப்பக்கம் ஓடிவிட்டார். அங்கே கல்யாணம், அங்கே பிள்ளைகள், அங்கேயே சாவு.

"ஏன் இருக்க முடியலன்னு கேப்போம்" என்றார் பரமேஸ் அக்கா. "காலையில கதவத் தொறந்தா பொம்பளைங்க நிக்குமாம் டீச்சர். எங்க வீட்டுக்காரர எங்க விட்டீங்கன்னு. புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு. இவரு கையாலதான் பாதிப் பேரப் பொதச்சிருக்காரு. அத எப்டிச் சொல்றது? அடுத்த ரயில்ல வர்றாங்கன்னு சொல்லிட்டாராம். எல்லாருக்கும் அதே பதிலு. சாவற வரைக்கும் அதான் பொலம்பலு. பொய் சொல்லிட்டு வந்துட்டேன், அதுங்க இன்னும் உக்காந்திருக்கும்னு."



சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அந்தப் பெண்களில் ஒருத்தர் என் அம்மாவின் அம்மா. உட்கார்ந்தேதான் இருந்தார், கடைசிவரை. இடுப்பில் இருந்த பிள்ளை என் அம்மா. அப்புறம் நான் செய்ததையும் சொன்னேன். உங்கள் அப்பா எங்கள் வீட்டில் பொட்டும் மாலையுமாக இருக்கிறார், என் தாத்தாவாக.

பரமேஸ் அக்கா துண்டை மடித்தார். மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"உங்க தாத்தா பேரு என்னா?"

"வீராசாமி."

"அப்பா அந்தப் பேரச் சொல்லி நான் கேட்டதில்ல." பிறகு: "உங்கம்மாவுக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாதா?"

"ஒரு சின்ன வட்டம் தெரியும். எழுத்துப் படிக்க முடியாது."

அடுத்து அவர் சொன்னது சரி. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சரி. "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இது எங்கப்பா. பேரு போடணும். அவரு திரும்பி வந்தாருன்னும் போடணும். அந்த மனுஷன் சாவாமச் செத்தாரு, அத நான் விட்டுக்குடுக்க முடியாது."

சீட்டுகளை எடுத்துவிட்டேன். அட்டையில் போடவேண்டிய வாசகத்தை இருவருமாக எழுதினோம். 'சின்னையா. மூன்றாம் டிவிஷன். சயாமிலிருந்து திரும்பி வந்தவர்.' எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன்.  இறங்கும்போது, "வடை வச்சீங்களா, படையல்ல?" என்றார்.

"வச்சோம்."

"அவருக்கு வடைன்னா உசுரு" என்று கதவைச் சாத்தினார்.

வீட்டில் அம்மா: "யாராச்சும் வந்தாங்களாமா படத்தப் பாக்க?"

"வந்தாங்க. ஜெலுபுலேந்து ஒருத்தவங்க."

"அவங்க ஆளும் இருக்காரா அதுல? பாவம். மொகம் தெரியுதாமா?"

கறி அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் கறியே இல்லை.


ஆகஸ்ட் 16, வெள்ளி

அட்டை வந்தது. ஃபை. ஒட்டி, படம் எடுத்து அனுப்பினான். எழுத்து நன்றாக, பெரிதாக. அவனுக்கு வருத்தம். மூன்று சீட்டும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறான்.

அம்மா ஞாயிறு கோயில் முடிந்து கண்காட்சிக்கு வரவேண்டும் என்கிறார். ஊரே பார்த்தாயிற்று, மகள் நான் பார்க்க வேண்டாமா என்கிறார். ஞாயிறு வேண்டாம், கூட்டமாக இருக்கும், திங்கள் போகலாம் என்றேன். திங்கள் பூட்டியிருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாளாக யோசித்தது: சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன மிஞ்சும். ஒரு வெறும் இலை. போட்ட மாலையை அம்மா எந்தக் கையால் கழற்றுவார். சொல்லாவிட்டால், சயாமிலிருந்து வந்தவர் சொன்னதும் பொய், நான் சொன்னதும் பொய், எண்பது வருட இடைவெளியில் ஒரே வீட்டுக்கு. பரமேஸ் அக்காவின் எண் இருக்கிறது. ஞாயிறு வரவேண்டாம் என்று கேட்க விரல் வரவில்லை.

பிளம்பர் வந்தான். குழாய் சரி.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

வெயில். கோயிலில் அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். ஒரு முழம் பையில்.

மாடிப்படி இருபத்திரண்டு. அம்மா ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே ஏறினார். உள்ளே எட்டுப் பத்துப் பேர். அச்சுப் படத்தின் முன் பரமேஸ் அக்கா ஏற்கெனவே நின்றிருந்தார், அதே பிளாஸ்டிக் பையோடு. என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவைப் பார்த்தார். நகரவில்லை.

அம்மா பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் அதை நாலாவது ஆளிடம் கொண்டுபோனேன். பெரிய அச்சு, காது மட்டுமே அம்மாவின் உள்ளங்கை அளவு. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலால் துழாவி, கீழே அட்டையின் விளிம்பைத் தொட்டார்.

"என்னமோ ஒட்டியிருக்கு. என்னா எழுதியிருக்கு பாப்பா?"

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இதை மிகைப்படுத்தி எழுதவில்லை. முடியவில்லை.

"பாப்பா?"

"நான் படிக்கிறேம்மா" என்றார் பரமேஸ் அக்கா. குனிந்து, அட்டைக்கு நேராக முகத்தை வைத்து, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி நிதானமாக:

"வீராசாமி. மூணாவது டிவிஷன். சயாமுக்குப் போனவரு."

"அவ்ளோதானா?"

"இன்னும் இருக்கும்மா."

"படி."

"திரும்பி வரல."

அம்மா தலையை ஆட்டினார். இரண்டு தடவை. "இந்த ஒரு வார்த்தைய எங்கம்மாவுக்கு யாரும் சொல்லல" என்றார். யார்மேலும் குறையாகச் சொல்லவில்லை.

பரமேஸ் அக்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

"ஜெலுபும்மா."

"அட, நீதானா. ஒன் ஆளு ஒருத்தரு இதுல இருக்காராமே. யாரு?"

"எங்கப்பா."

"எங்க நிக்கிறாரு?"

பரமேஸ் அக்கா கையைத் தூக்கி, பின்வரிசை ஓரத்தில் புகையாகத் தெரிகிற ஒரு ஆளைக் காட்டினார். அம்மாவால் அங்கே பார்க்க முடியாது. இருந்தாலும் காட்டினார்.

"அந்த ஓரத்துல."

"மொகம் தெரியுதா?"

"அவ்வளவாத் தெரியலம்மா."

அம்மா பையைத் துழாவி மல்லிகையை எடுத்தார். பாதியாகக் கிள்ளி, காற்றில் நீட்டினார். "இந்தா. ஒங்கப்பாவுக்கு வையி. அவங்கல்லாம் ஒண்ணாத்தான போனாங்க."

பரமேஸ் அக்கா பூவை வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று என்னைப் பார்த்தார்.